ரேணுகாவின் மாடியில் ஒன்பது பழம்

1

ஏலகிரி கோடை விழாவில் வாங்கிய ஸ்ட்ராபெரிச் செடி இலையாக விட்டுக்கொண்டே போகிறது, இரண்டு பழத்துக்கு மேல் தரமாட்டேன் என்கிறது, நீ இதையே படித்து இதிலேயே வேலை பார்க்கிறவள், ஒரு வழி சொல் என்று ஜெயந்தி திருப்பத்தூரிலிருந்து எழுதியிருக்கிறாள். கல்லூரியில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி. கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் நான் முன்பு குடியிருந்த சரோஜாக்கா வீட்டில் போன வாரம் நடந்தது குறுக்கே வந்து நிற்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். என் தங்கை கோமதியைத் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் செடி. ஸ்ட்ராபெரிக்கு இரண்டு ஆசை. பழம் வைப்பது ஒன்று, கொடி ஓட்டுவது ஒன்று. இரண்டுக்கும் சேர்த்துத் தீனி போட அதனால் முடியாது. கொடியின் நுனியில் ஒரு குட்டிச் செடி இருக்கும். அது மண்ணைத் தொட்டு வேர் விடும்வரை தாய்ச்செடிதான் ஊட்ட வேண்டும். பழம் வேண்டுமென்றால் கொடி தலைகாட்டியதும் அடியோடு நறுக்கிவிடு, ஜெயந்தி. யூரியா போடாதே, இலைதான் கொழுக்கும். அடுப்புச் சாம்பல் ஒரு பிடி போதும். நடுக்குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. காய் ஈரமண்ணில் படாமல் அடியில் வைக்கோல் பரப்பு. தேனீ வராத மாடி என்றால் மெல்லிய பிரஷ்ஷை எடுத்துப் பூவுக்குள் வட்டமாகத் தடவு. ஒரு பக்கம் விட்டுப்போனால் பழம் அந்தப் பக்கம் சூம்பிப்போகும். கடைசியாக ஒன்று இருக்கிறது. அதுதான் கஷ்டம். முதலில் வரும் பூக்களை எல்லாம் கிள்ளி எறிந்துவிட வேண்டும். காயாகியிருந்தாலும் கிள்ள வேண்டும். அப்போது செடி வேரிலும் குருத்திலும் தேறும். பிறகு ஒரே சமயத்தில் பூத்து, ஒரே சமயத்தில் பழுக்கும்.

இந்தக் கடைசி வேலையை நான் செய்யவில்லை. புத்தகத்தில் படித்துப் பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனாலும் கை வரவில்லை. அதை எனக்காக வேறு யாரோ செய்தார்கள்.

2

ஊருக்கு வரும்போது பெங்களூரில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் வந்து இறங்கியது ஆனேக்கலில். வேலை பொம்மசந்திராவில், ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தார். அம்மா பீடி சுற்றினாள். நான் தாவரவியலில் முதல் வகுப்பு வாங்கினேன். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அந்தத் திமிரோடுதான் பஸ் ஏறினேன். அத்திப்பள்ளியில் எல்லை தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. ஒன்றும் படிக்க முடியவில்லை. அம்மாவுக்கு உலகம் எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்று முதல்முறையாகத் தோன்றியது. தினமும் பஸ் பலகைகளைப் பார்த்துப் பார்த்து மூன்றே மாதத்தில் கன்னட எழுத்துகளைப் படித்துவிட்டேன். பேச்சுதான் சொதப்பியது. வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் சொல்லை மாற்றிப்போட்டு, வேண்டாத கத்திரிக்காயை இரண்டு கிலோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

வேலையிடத்தில் வாசலிலேயே செருப்பு, வளையல், தலையில் வைத்த பூ எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தலையையும் வாயையும் மூடிக்கொண்டு உள்ளே போவோம். குழல் விளக்கின் கீழே வரிசை வரிசையாகச் சீசாக்கள், ஒவ்வொன்றிலும் விரல் உயரச் செடிகள். மண் இல்லை, விதை இல்லை, வெயில் இல்லை. எல்லாமே ஒரே தாய்ச்செடியின் நுனியிலிருந்து வெட்டி வெட்டிப் பெருக்கியவை. ஒன்று செத்துப்போனால் அடுத்த சீசாவிலிருந்து அதே செடியை எடுத்து அந்த இடத்தில் வைப்போம். சீட்டில் பெயரை மாற்ற வேண்டிய அவசியமில்லை. இரண்டும் ஒன்றுதான்.

குடியிருந்தது சரோஜாக்கா வீட்டு மாடியறையில். அவர்களுடைய தாத்தா காலத்தில் எங்கள் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார்கள். அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் கணவர் முனிராஜண்ணன் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன். அப்பா என்னைக் கொண்டுவந்து விட்டபோது அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இன்னா நட்சத்திரம்?” என்றார். சொன்னேன். “சரி, இருந்துக்கோ. ஒரு ஆள்தான். ரெண்டாவது பொண்ணு வர்றதெல்லாம் பேடா, வேணாம். அது எங்க ரேணுகா ரூமு.”

ரேணுகா அவர்களுடைய ஒரே மகள். மஞ்சள் காமாலையில் பதினாறு வயதில் போய்விட்டாள். நான் போனபோது நான்கு வருடம் ஆகியிருந்தது. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம் இல்லையா, அதை இவர்களும் விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மாசியில் படையல். வீட்டில் கல்யாணம் என்றால் அவளைத் தண்ணீரிடத்திலிருந்து செம்பில் அழைத்து வந்து உட்காரவைத்த பிறகுதான் மற்ற வேலை.

அறையில் அவளுடைய கண்ணாடி சுவரில் இருந்தது. விளிம்பு முழுக்க அவள் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள். அவற்றை எடுக்கக் கூடாது என்றார் அக்கா. மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருந்தது. மேலே ஒரு கம்பிக் கதவு, பூட்டு. “சாவி ஒண்ணுதானாக்கா?” என்று கேட்டேன்.

“ரெண்டு இருந்துச்சு. இன்னொண்ணு அவ பாவாடை நாடாவுல முடிஞ்சிருந்துச்சு. அதோடயே பொதைச்சிட்டாங்க.”

கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அக்காவுக்கு முழங்கால் வலி. மகள் போன பிறகு அவர் படியேறியதே இல்லை.

3

வேலையில் ஒதுக்கித் தள்ளிய ஸ்ட்ராபெரிக் கன்றுகள் ஆறு கிடைத்தன. “வீசத்தான் போறோம், எடுத்துக்கோம்மா” என்றார் மேற்பார்வையாளர். புரட்டாசிக் கடைசியில் அவற்றைத் தொட்டியில் வைத்தேன். கார்த்திகையில் பூத்தன. ஒரு வாரம் ஒரு பழம், அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஒன்றுமில்லை. முதல் பழத்தை அக்காவிடம் கொடுத்தேன். அதைத் தின்னாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பூ எப்பிடி இருக்கும்?”

“வெள்ளையாக்கா. அஞ்சு இதழ்.”

“வெள்ளைப் பூவா. அப்போ அது அவளுது. யாரும் கிள்ளக் கூடாது, கொத்தாயித்தா?”

புரிந்தது என்று தலையாட்டினேன். சின்ன விஷயமாகத்தான் பட்டது.

அந்த மாதம் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. ஊர் எஸ்.டி.டி. கடையிலிருந்து அப்பா பேசினார். தங்கை கோமதி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பையனைப் பார்த்திருந்தார்கள். பரீட்சை முடிந்ததும் வைகாசியில் கல்யாணம்.

“அவ படிக்கட்டும்பா. நான் இங்க இட்டுக்கினு வந்து படிக்கவைக்கறன்.”

“ஆஸ்டல்ல எல்லாம் நான் வுடமாட்டன். அந்த சரோஜாம்மா வூட்லன்னா இட்டுக்கினு போ. இல்லன்னா பேசாத இரு.”

வேறு வீடு தேடிப் பார்த்தேன். குடும்பமில்லாமல் இரண்டு பெண்களா என்று கதவோடு அனுப்பினார்கள். கோமதி என்னைவிடக் கெட்டிக்காரி. மடியில் பீடித் தட்டை வைத்து நகத்தால் பீடி முனையை மடித்துக்கொண்டே எதிரில் விரித்த புத்தகத்தைப் படித்து வகுப்பில் இரண்டாவதாக வருகிறவள். அவள் வைகாசியில் சமையலறைக்குள் போய்விட்டால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ரூமு அவளுது. அவளைத்தான் கேக்கணும்” என்று பூஜை அலமாரியைத் திறந்தார். பள்ளிச் சீருடையில் ரேணுகாவின் படம். கற்பூரம் ஏற்றினார்.

“மாசிப் படையலுக்கு எல்லாமே ஒம்பதுதான் வைப்போம். உன் செடி அவ மாடியில இருக்குது. அன்னிக்கு அதுல ஒம்பது பழம் செவப்பா நின்னா, உன் தங்கச்சி வரலாம்னு அவ சொல்லிட்டான்னு அர்த்தம். கொறைஞ்சா கேக்காத.”

“சரிக்கா.”

“கேக்கறவ பதிலுக்கு இன்னா தர்றன்னு சொல்லணும்.”

பிறத்தியார் வீட்டில் பிள்ளையை விடும்போது நம் ஊரில் எல்லோரும் சொல்வதையே சொன்னேன்.

“அவ வந்தா உங்க பொண்ணாவே இருப்பாக்கா.”

அக்கா கற்பூரத்தை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

“அவ முன்னாடி சொல்லியிருக்க” என்றார்.

4

ஆறு செடி, ஒன்பது பழம், ஒரே நாள். சீசாவுக்குள் ஆயிரம் செடி வளர்க்கிற எனக்கு இது ஒரு பெரிய காரியமா என்று இறங்கினேன். கொடிகளை நறுக்கினேன். பழுத்த இலைகளை எடுத்தேன். பக்கத்து வீட்டு விறகடுப்புச் சாம்பல் வாங்கிப் போட்டேன். ஆனேக்கலில் வைக்கோலுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது முனிராஜண்ணன் ராகித் தாள் ஒரு கட்டு கொண்டுவந்து போட்டார். “மாடு வாங்கிட்டியாம்மா, சொல்லவேயில்ல” என்றார். தினமும் வேலைக்குப் போகுமுன் பிரஷ்ஷால் பூப்பூவாகத் தடவினேன்.

ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. பழம் பத்து நாளைக்கு ஒன்றாகத்தான் பழுத்தது. ஒன்று சிவக்கும்போது இன்னொன்று பூ, மற்றொன்று பிஞ்சு. எல்லாம் ஒரே நாளில் பழுக்க வேண்டுமானால் தையிலேயே எல்லாவற்றையும் ஒருமுறை கிள்ளிவிட வேண்டும். கிள்ளினால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போகும். தவிர, இருக்கிற பிஞ்சையும் இழந்துவிட்டு அடுத்தது வராவிட்டால் என்ன செய்வது? கிள்ள விரலை வைப்பேன், எடுத்துவிடுவேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனேன். அறையைப் பூட்டி, கம்பிக் கதவையும் பூட்டி, இரண்டு பூட்டின் சாவியையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது பகல் பன்னிரண்டு மணி. கதவு பூட்டியபடியே இருந்தது. மாடியில் நல்ல வெயில். செடிகள் பச்சையாக நின்றன. அவற்றில் ஒரு பூ இல்லை. ஒரு பிஞ்சு இல்லை. மொட்டுகூட இல்லை.

குரங்கு என்று முதலில் நினைத்தேன். குரங்கு வந்தால் தொட்டியைக் கவிழ்க்கும், இலையைக் கிழிக்கும். ஓர் இலையும் கசங்கவில்லை. அணில் என்றால் கடித்த பிசிறு இருக்கும். காம்புகளைக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு காம்பும் ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. வெட்டு நேர்கோடாக இல்லை. நகம் பதிந்த சின்னப் பிறை. ஆறு செடியிலும் அதே பிறை. கீழே தரையில் ஓர் இதழ் உதிர்ந்திருக்கவில்லை.

அந்த மாடியில் ஒரு வருடமாக எனக்குப் பயம் இருந்ததில்லை. அன்றும் பயம் என்று சொல்ல முடியாது. யாரோ என் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, நான் பதில் எழுதாமல் விட்ட கேள்விக்குப் பதில் எழுதி மூடிவைத்ததுபோல இருந்தது.

5

கீழே போய் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் என்னைச் சந்தேகப்பட்டார்.

“நீ கிள்ளல இல்ல?”

“நான் ஊர்ல இருந்தேன்க்கா. நீங்க மேல வந்தீங்களா?”

“இந்தக் காலை வெச்சிக்கினு நான் எங்க ஏர்றது. சாவியும் எங்கிட்ட இல்ல.”

முனிராஜண்ணன் நாள் முழுதும் தொழிற்சாலை வாசலில் இருக்கிறவர். அவருக்கு அந்தச் செடி முள்ளங்கி மாதிரி இருக்கிறது என்பதற்கு மேல் அபிப்பிராயம் இல்லை. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்காதான் முதலில் எழுந்தார். பூஜை அலமாரிக்குப் போய் விளக்கைத் தூண்டிவிட்டு, “சரி, பாக்கலாம்” என்றார்.

மூன்று வாரத்துக்குச் செடியில் ஒன்றுமே இல்லை. அந்த நாட்களில்தான் ஒரு கேவலமான காரியம் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிச் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போனேன். கறிக்கடையும் துணிக்கடையும் தாண்டி ஒரு பழக்கடையில் ஸ்ட்ராபெரி பெட்டியில் இருந்தது. படையலுக்கு முதல் நாள் வந்து வாங்கி, காம்போடு நூலில் கட்டிவிடலாமா என்று பார்க்கத்தான் போனேன். சோதனைக்கு ஒரு பெட்டி வாங்கினேன். ஆனேக்கல் வரும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பழங்களோடு அந்தப் படியில் ஏற முடியாது என்று பொம்மசந்திரா வரும்போது தெரிந்துபோயிற்று. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தின்றேன். புளிப்பு. பக்கத்திலிருந்த பெண், “மாசமா இருக்கியாம்மா?” என்று கன்னடத்தில் விசாரித்தாள்.

தை முடியும் வாரத்தில் குருத்துக்கு நடுவிலிருந்து மொட்டுகள் எழுந்தன. ஆறு செடியிலும் ஒன்றுபோல. இரண்டே நாளில் எல்லாம் விரிந்தன. பிரஷ்ஷை எடுத்துத் தடவினேன். சரியாகத் தடவினேனா என்றுகூடத் தெரியாது. எல்லாம் காய்த்தன. எல்லாம் ஒன்றாக வெளுத்தன.

மாசிக் கடைசியில், படையலன்று காலை, தாம்பாளத்தோடு மாடிக்குப் போனேன். சிவப்பாக நின்றவற்றைப் பறித்து எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். செடிகளில் மேலும் தேடினேன். பத்தாவது பழம் இல்லை. பச்சைக் காய் இல்லை. வெள்ளைக் காய் இல்லை. வரவேண்டியது அவ்வளவும் வந்து முடிந்ததுபோலச் செடிகள் வெறும் இலையோடு நின்றன.

மொத்தமாகக் கிள்ளினால் மொத்தமாகப் பழுக்கும், அது எனக்குப் புரிகிற விஷயம். ஏன் ஒன்பது என்பதற்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை. எட்டு வந்திருக்கலாம். பதினான்கு வந்திருக்கலாம்.

அக்கா தாம்பாளத்தை வாங்கிப் படத்துக்கு முன்னால் வைத்தார். “உன் தங்கச்சிய வரச்சொல்லு” என்றார். நான் அழுதேன், சந்தோஷத்தில். அக்காவும் அழுதார். இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழுகிறோம் என்றுதான் அன்று நினைத்தேன்.

6

கோமதி ஆனி மாதம் வந்தாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு கைப்பை. பெட்டியை அறையில் வைத்ததும் மாடிக்குப் போனாள். பருவம் முடிந்தும் ஒரு செடியில் ஏதோ ஒரு பூ தப்பிப் பூத்திருந்தது. பேசிக்கொண்டே அதைக் கிள்ளித் தலையில் செருகிக்கொண்டாள்.

நான் அந்தக் காம்பைப் பார்த்தேன். சின்னப் பிறை.

பீடி முனை மடிக்கிறவர்களின் நகம் அப்படித்தான் வெட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொங்கலன்று அவள் என்னோடு ஊரில் இருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். அதே அடுப்புக்கு முன்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஆனேக்கலிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் போய் அங்கே ஒரு கல்லூரியில் பி.காம். படித்தாள். எனக்கு மூன்று மாதம் பிடித்த எழுத்து அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. பேச்சு அதற்கும் முன்பே வந்துவிட்டது. மீன்காரியோடு கன்னடத்தில் சண்டை போடுவாள், ஜெயித்து வருவாள். அக்கா அவளை முதலில் கோமதி என்றார். பிறகு மகளே என்றார். ஒரு நாள் கீழிருந்து, “ரேணு, சோறு ஆறிப்போவுது” என்று குரல் வந்தது. எழுதிக்கொண்டிருந்த நான் தலைதூக்கினேன். கோமதி, “வந்தேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

“அவ பேரு சொல்லிக் கூப்புடறாங்க, நீ பாட்டுக்குப் போற?” என்று அன்று மாலை கேட்டேன்.

“வாய் தவறி வந்துருச்சு. திருத்திக்கினா இருப்பாங்க? சோறு ஆறிடுமில்ல” என்று சிரித்தாள்.

கண்ணாடி விளிம்பில் இருந்த பொட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கோமதி நெற்றியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மாடியறை ஒழுகுகிறது என்று அவள் கீழே படுக்க ஆரம்பித்தாள். மழை நின்ற பிறகும் கீழேயே படுத்தாள். என் அறையில் நான் மறுபடி ஒரு ஆள்.

7

கோமதி கடைசி வருடம் படிக்கும்போது குடும்ப அட்டைகளைப் போட்டோவோடு மாற்றிக் கொடுத்தார்கள். நாள் முழுக்க வரிசை, ஒரு கையெழுத்துக்கு ஒரு ஜன்னல், அடுத்த கையெழுத்துக்கு அடுத்த ஜன்னல். பழைய அட்டையில் ரேணுகாவின் பெயரை யாரும் அடித்திருக்கவில்லை. அடித்தால் அரிசி குறையும் என்று பல வீடுகளில் அப்படியே விட்டிருப்பார்கள். புது அட்டை வந்ததும் அக்கா அதைப் பூஜை அலமாரியில் வைத்தார். நான் எடுத்துப் பார்த்தேன். போட்டோவில் முனிராஜண்ணன், அக்கா, நடுவில் கோமதி. கீழே கன்னடத்தில் மூன்று பெயர். மூன்றாவது பெயர் ரேணுகா. உறவு, மகள். வயது இருபத்து நான்கு என்று போட்டிருந்தது. ரேணுகா உயிரோடிருந்தால் அன்று அவளுக்கு அந்த வயதுதான்.

கோமதியைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஒரு போட்டோதானேக்கா. ஆபீசர் வந்தா ஆள் காட்டணும்னாங்க. போய் உக்காந்தேன்.”

“இது செத்தவ பேருடி.”

“தெரியும்.” அட்டையை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். “நீதான் சொன்னியாமே, நான் அவங்க பொண்ணாவே இருப்பேன்னு. சாமி முன்னாடி சொன்னியாம். சரோஜா பெரியம்மா எப்பவோ சொல்லிட்டாங்க. எங்கிட்ட நீ சொல்லவேயில்ல.”

“அது சும்மா வாய்வார்த்தைக்குச் சொன்னதுடி. எல்லாரும் சொல்றதுதான்.”

“அவங்க சும்மா கேக்கலியேக்கா.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு எடுத்துச் சொல்கிறவள்போலச் சொன்னாள். நான் அடுத்த மாதம் பொம்மசந்திராவுக்குப் பக்கத்திலேயே வேறு அறை பார்த்துக்கொண்டேன். கூட வா என்று கூப்பிட்டேன். வரவில்லை. பட்டம் வாங்கினாள், ஒரு பெரிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்று அப்பாவைவிட, என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறாள். நான் கேட்டது அவள் படிக்க வேண்டும் என்றுதான். படித்தாள். இதை நினைத்து நான் பெருமைப்படாத நாள் இல்லை. தூக்கம் வராத நாளும் இருக்கிறது.

இந்த வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவளோடு வேலை பார்க்கிற பையன், நல்லவன். அப்பா அம்மாவுக்கும் சம்மதம். பத்திரிகை ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம். தமிழ்ப் பக்கத்தில் எங்கள் அப்பா அம்மா பெயர், மணமகள் கோமதி. கன்னடப் பக்கத்தில் முனிராஜண்ணன், சரோஜம்மா, மணமகள் ரேணுகா என்கிற கோமதி. அப்பா அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் நல்லா அடிச்சிருக்காங்க” என்று மடித்து வைத்தார். எங்கள் வீட்டில் இரண்டு பக்கத்தையும் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் அவளும்தான். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

8

போன வாரம் பூவாடைக்காரியை அழைக்கும் சடங்கு. கல்யாணம் ஆனேக்கலில் நடப்பதால் அக்கா வீட்டிலேயே வைத்தார்கள். அம்மா முதல் நாளே வந்துவிட்டாள். யாரை அழைக்கிறார்கள் என்று கேட்டாள். அவங்க பொண்ணை என்றேன். பாவம், நல்லபடியா வந்து ஆசீர்வாதம் பண்ணட்டும் என்றாள்.

தெருவில் இருந்த கிணறு எப்போதோ மூடப்பட்டுவிட்டது. அதனால் மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியடியில் அழைப்பது என்று முடிவு செய்தார்கள். இத்தனை வருடம் ஏறாத படியில் அக்கா அன்று ஏறினார், கோமதியின் தோளைப் பிடித்துக்கொண்டு. செம்பில் தண்ணீர், மேலே தேங்காய், சுற்றிப் பூ, புதுச்சேலை. மாலை வெயில். பக்கத்து மாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பூசாரி உடுக்கையை எடுத்தார். ரேணுகாவின் பெயர் சொல்லி, தாய் பெயர் சொல்லி, ஊர் பெயர் சொல்லி அழைத்தார். உறவுக்காரர்களில் யார் மேலாவது அவள் இறங்கி, வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் செம்பை எடுக்கலாம்.

யார் மேலும் இறங்கவில்லை. அரைமணி நேரம் ஆயிற்று. பூசாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இன்னாம்மா, உங்க பொண்ணுக்கு பஸ்ஸு கெடைக்கலியா?” என்றார். கூட்டம் சிரித்தது. மறுபடி அடித்தார். போன கல்யாணங்களில் எல்லாம் முதல் அடியிலேயே வந்தவளாம். ஒரு கிழவர், சேலை பிடிக்கவில்லையோ என்றார். இன்னொருவர், தண்ணீர் நகராட்சித் தண்ணீர், அதனால்தான் என்றார்.

“எதுக்கு வரமாட்டேங்கறா?” என்று பூசாரி அக்காவைப் பார்த்துக் கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

சரோஜாக்கா தொட்டிச் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“உடுக்கைய நிறுத்துங்க பூசாரி. வீட்டுல இருக்கறவள எங்கேருந்து கூப்புடுவீங்க?”

சத்தம் நின்றது. எல்லோரும் கோமதியைப் பார்த்தார்கள். கோமதி யாரையும் பார்க்கவில்லை. நான், “கோமதி” என்று கூப்பிட்டேன். பக்கத்தில்தான் நின்றிருந்தாள். திரும்பவில்லை. கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை கூப்பிட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோமதி முன்னால் வந்து, குனிந்து, செம்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பூசாரி தடுக்கவில்லை. படியை நோக்கி நடந்தாள். முதல் படியில் நின்று, பின்னால் திரும்பாமலேயே சொன்னாள்.

“அம்மா, அந்த விளக்க எடுத்துக்கோ.”

சரோஜாக்கா விளக்கை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார். எங்கள் அம்மாவின் கை பாதி தூரம் நீண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.